ரங்கூன் போனவன் திண்டிவனத்தில் இருந்த கதை

முதலில் ஒன்று. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது யார் கொடுத்தாலும், எவ்வளவு கெஞ்சினாலும், அம்மிக் குழவியை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

இந்த வருஷம் நம் கம்பெனியிலிருந்து கடல் தாண்டிப் போய் மிஷின் பொருத்தப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மேனேஜர் என்னைக் கேட்டார். ரிட்டையர் ஆன பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. காபிக்குச் சர்க்கரை போடவா என்றுகூட வீட்டில் கேட்பதில்லை, போடாமலே கொடுத்துவிடுகிறார்கள். அதனால் மேனேஜர் கேட்டதும் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷப்பட்டுவிட்டேன். பாஸ்போர்ட்டை எங்கே வைப்பது, என்ன ஊசி போட்டுக்கொள்வது என்பதெல்லாம் ஆபீசில் சொல்வார்கள். அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். ஆனால் இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: வெளிநாட்டில் பிழைப்பது பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசியை நான் கற்றுக்கொண்டது திண்டிவனத்தில்.

சிரிக்காமல் கேளுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நம் கம்பெனி என்பது விழுப்புரத்தில் ஒரு தகரக் கொட்டகை. மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, தோல் நீக்கிப் பருப்பாக்கும் மிஷின் செய்துகொண்டிருந்தோம். ரங்கூனில் எண்ணெய் ஆலை வைத்திருந்த ஒருவர் நம் மிஷின் வேண்டும் என்றார். கூடவே ஒரு ஃபிட்டரும் வந்து பொருத்தி, ஓட்டிக் காட்டி, ஆலை ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்றார். பெரிய மேஸ்திரி என்னைக் கை காட்டினார். கல்யாணம் ஆகாதவன் நான் ஒருத்தன்தான் என்பது தவிர வேறு தகுதி எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கல்யாணம் ஆகவில்லையே தவிரப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் பனமலை. பெண்ணின் அப்பாவை அப்போதே மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய பங்காளி ஒருவர் தன் மகளைச் சிங்கப்பூர் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஊரில் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தார். தன் மகளுக்கும் கடல் தாண்டியவன்தான் வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். நான் போகாவிட்டால் செஞ்சியில் ஒரு கிளார்க் தயாராக இருந்தான். பெண் பார்க்கப் போயிருந்தபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கப்பலில் போகப் பயமாக இருக்காதா என்று. இல்லவே இல்லை என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைச் செஞ்சி கிளார்க்குக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ரங்கூன் போகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். வெளியூர் போகிறவனுக்கு விருந்து வைப்பது எங்கள் தெருப் பழக்கம். காலையில் ஒரு வீட்டில் ஆப்பம், மத்தியானம் இன்னொரு வீட்டில் கறிக்குழம்பு, சாயங்காலம் வேறொரு வீட்டில் பணியாரம். சாப்பிட்டு எழுந்ததும் மெதுவாக ஒரு பொட்டலத்தை எடுத்து வருவார்கள். ரங்கூனில் நமக்குத் தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார், இதைச் சேர்த்துவிடு என்பார்கள். கம்பவுண்டர் வீட்டிலிருந்து மாங்காய் ஊறுகாய் ஜாடி. டெய்லர் வீட்டிலிருந்து அவருடைய தம்பிக்கு ஒரு டின் முறுக்கு. எதிர்வீட்டு அம்மாள் தன் அக்காள் மகளுக்கு ஒரு அம்மிக் குழவி. அம்மி அங்கேயே கிடைக்கிறதாம், குழவிதான் சரியாக இல்லையாம். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு எப்படி மாட்டேன் என்பது? அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். விருந்தைச் சாப்பிடும் முன்பே பொட்டலம் என்ன என்று கேட்டுவிடுங்கள்.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு மேளத்தோடு அழைத்துப் போனார்கள். மூக்கு வரைக்கும் மாலை. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டு அழுதாள். பனமலையிலிருந்து வந்த மாமா எல்லோர் முன்னிலையிலும் என் தோளைத் தட்டினார்.

“கடலத் தாண்டிட்டு வா மாப்ளே. வந்து எறங்குன மாசமே கல்யாணம்.”

ரயில் நகர்ந்தபோது நான் பாதி ரங்கூன்காரன் ஆகிவிட்டேன். மறுநாள் மெட்ராஸ் ஹார்பரில் அது கலைந்தது. ரங்கூன் பக்கத்திலிருந்து வரவேண்டிய பெர்மிட் வரவில்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். என் கண்ணெதிரே கப்பல் போயிற்று. மிஷினைக் கப்பலில் ஏற்றிவிட்டுத் திரும்பலாம் என்று கூட வந்திருந்த பெரிய மேஸ்திரி ஒரு பீடி பற்றவைத்துக் கப்பலைப் பார்த்துக்கொண்டே நின்றார். சரி, ஊருக்குத் திரும்பலாம் என்றேன்.

“எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவே? தெருவே சோறு போட்டு அனுப்பிச்சிருக்கு. திரும்பிப் போனா அந்தச் சோத்தையெல்லாம் திருப்பிக் குடுப்பியா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மேளம் கொட்டி அனுப்பப்பட்டவன் இரண்டாம் நாள் ஊறுகாய் ஜாடியும் குழவியுமாகத் தெருவில் நுழைந்தால் ஆயுசுக்கும் அவனுக்கு ரங்கூன் என்றே பெயர் வைத்துவிடுவார்கள். சகுனத் தடை என்று மாமா செஞ்சிப் பக்கம் திரும்பிவிடுவார். திண்டிவனத்தில் மார்க்கெட் கமிட்டி பக்கத்தில் கம்பெனிக்கு ஒரு கொடவுன் இருந்தது. பெர்மிட் வரும்வரை மிஷின் அங்கே இருக்கட்டும், மிஷினோடு நீயும் இரு என்று மேஸ்திரி முடிவு செய்தார். நான் மிஷினோடு லாரியில் ஏறினேன்.

தம்பிகளே, பெர்மிட்டும் டிக்கெட்டும் உங்கள் கைக்கு வரும்வரை தெருவில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வந்த பிறகும், ஆப்பம் சுடத் தெரிந்த வீட்டுக்கு மட்டும் சொல்லுங்கள்.

திண்டிவனத்தில் எனக்கு யாரையும் தெரியாது. அதுதான் வசதி, அதுதான் கஷ்டம். விழுப்புரம் போகிற பஸ் கொடவுன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வீடு. ஏற முடியாது. பிறகு ரங்கூனில்கூட எனக்கு அந்த அளவுக்கு வீட்டு ஞாபகம் வந்ததில்லை. எங்கேயாவது தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று கொடவுனை விட்டு அதிகம் வெளியே போகமாட்டேன். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் முறுக்கு டின்னைத் திறந்து ஒன்றே ஒன்று எடுத்தேன். ரங்கூனுக்குப் போகவேண்டிய முறுக்கு திண்டிவனத்திலேயே தீர்ந்துவிட்டது. கிளம்பும்போது அந்த ஊர்க் கடையிலேயே வாங்கி டின்னை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டெய்லரின் தம்பி ஒரு கடி கடித்துவிட்டு, அண்ணியின் கைப்பக்குவம் மாறவே இல்லை என்று கண் கலங்கினார்.

நடுவில் ஒரு புயல் அடித்தது. அன்று நான் கொடவுனில் நனையாமல் உட்கார்ந்து வேர்க்கடலை வறுத்துத் தின்றுகொண்டிருந்தேன். இரண்டு ஊருக்கும் போய் வந்துகொண்டிருந்த பெரிய மேஸ்திரி மறுநாள் வந்து, உன் அம்மா கோயிலில் விளக்கேற்றி வைத்துவிட்டு, கப்பல் என்ன ஆயிற்றோ என்று ராத்திரி முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்றார். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அம்மாவுக்குத் தெரிந்தால் எதிர்வீட்டுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்குத் தெரிந்தால் பனமலைக்குத் தெரியும் என்று அவர் மறுத்துவிட்டார். கப்பல் புயலுக்கு முன்பே கரை சேர்ந்துவிட்டதாக மட்டும் போய்ச் சொன்னார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போடுங்கள். ஊர் சுற்றிப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.

மிஷின் சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும் என்று அதை ஓட்டிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. கமிட்டிக்கு மல்லாட்டை கொண்டுவருகிற குடியானவர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். ஒரு மூட்டையைக் கொட்டி உடைத்துப் பார்ப்பார்கள். கொடவுன் தரை மேடுபள்ளம் என்பதால் மிஷின் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடும். அந்தக் காலுக்கு அடியில் எதிர்வீட்டு அம்மாளின் குழவியை முட்டுக் கொடுத்தேன். அச்சாகப் பொருந்தியது. மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொள்வேன், ஒரு பூப்போட்ட கைலி கட்டிக்கொள்வேன். முகம் முழுக்க மல்லாட்டைத் தொலியின் தூசி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

பனமலைக்காரர்கள் மல்லாட்டையை விழுப்புரம் கமிட்டிக்குத்தான் கொண்டுபோவார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த வாரம் திண்டிவனத்தில் விலை நன்றாக இருந்ததாம். நான் நிமிர்ந்தபோது மாமா கொடவுன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஓடுவதற்குப் பின்வாசல் கிடையாது. நல்லவேளையாக மேஸ்திரி அன்று அங்கே இருந்தார். அவர் பொய் சொல்லும்போது முகத்தில் ஒரு சதைகூட அசையாது. மாமா என்னைக் காட்டி யார் இவர் என்று கேட்டார்.

“ரங்கூன்காரரு. மிஷின் கத்துக்க வந்திருக்காரு. ஒரு வார்த்த தமிழ் தெரியாது.”

மாமாவுக்கு வாயெல்லாம் பல். தமிழ் தெரியாதவரிடம் சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அவர் என் காதருகே வந்து, எங்கள் மாப்பிள்ளை உங்கள் ஊருக்குத்தான் வந்திருக்கிறார் என்று கத்தினார். நான் விழித்தேன். உடனே சைகைக்கு மாறினார். ஒரு கையை அலை அலையாக ஓட்டிக் காட்டினார், கப்பல். தூரத்தில் கை நீட்டினார், ரங்கூன். மீசையை முறுக்கினார், மாப்பிள்ளை. விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார். அங்கே ஒழுங்காகச் சாப்பாடு கிடைக்குமா? நான் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினேன். தமிழ் தெரியாதவன் எப்படித் தலையாட்டுவான் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பிறகு அவர் மேஸ்திரி பக்கம் திரும்பி, எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் மனம்விட்டுப் பேசினார்.

“பையன் தங்கமான பையன்தாங்க. கொஞ்சம் பயந்தாங்கொள்ளியோன்னுதான் ஒரு கவல. கடலு அத்த தீத்துடும். எம் பொண்ணுதான் கப்பல் நெசமாவே போய்ச் சேந்துச்சா, போய்ச் சேந்துச்சான்னு பேஜாரு பண்ணிக்கினு இருக்குது.”

துணிக்குள் என் முகம் என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது. பயந்தாங்கொள்ளி என்றது சுட்டது. அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றது அதைவிட அதிகமாகச் சுட்டது. மாமாவோ, நீங்கள் ஊருக்குத் திரும்பும்போது மாப்பிள்ளைக்கு ஒன்று கொடுத்தனுப்புகிறேன் என்று சைகையில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சந்தைக்கு ஒரு டின்னோடு வந்தார். மகள் தன் கையாலேயே பிடித்த மல்லாட்டை உருண்டையாம். எனக்கு அனுப்பிய பொட்டலத்தை எனக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது.

டின்னை ஒரு மூட்டைமேல் வைத்துவிட்டு மாமா மிஷினைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். ஆயில் எஞ்சினிலிருந்து மிஷினுக்கு ஒரு பெரிய பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். பருப்பு விழுகிற இடத்தைப் பார்க்க அவர் குனிந்தார். கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த துண்டின் ஒரு முனை நழுவித் தொங்கியது. அது காற்றில் பெல்ட் பக்கமாகப் படபடத்தது. அது அவர் முதுகுப்பக்கம் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்த முனையை பெல்ட் இழுத்துக்கொண்டால் துண்டு போகும் இடத்துக்குக் கழுத்தும் போகும்.

யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். பனமலை, செஞ்சி, கல்யாணம் எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை.

“மாமா! துண்டு!”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமா துள்ளி நிமிர்ந்து துண்டைக் கழுத்திலிருந்து உருவி எறிந்தார். அதே நொடியில் பெல்ட் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு சக்கரத்தில் சுற்றி இரண்டாகக் கிழித்தது. நான் கட்டையால் பெல்ட்டைத் தள்ளிக் கழற்றினேன். மிஷின் நின்றது. என் வாயில் கட்டியிருந்த துணி கழுத்துக்கு இறங்கிவிட்டிருந்தது.

பெரிய மேஸ்திரி வாயைத் திறந்தார், பொய் வரவில்லை. நான் அவரை அப்படிப் பார்த்தது அன்று ஒருநாள்தான். மாமா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கிழிந்த துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தூசிக்குள் என் மீசையை நிதானமாகப் பார்த்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

மாமா போய் டின்னை எடுத்து வந்து என் இரண்டு கையிலும் வைத்தார். பிறகு கையைத் தூக்கி அலை அலையாக ஓட்டிக் காட்டினார், கப்பல். தூரத்தில் கை நீட்டினார், ரங்கூன். மீசையை முறுக்கினார். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார். நானும் வாயைத் திறக்காமல் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினேன். வாசல் வரை போனவர் மேஸ்திரியிடம் திரும்பினார்.

“பத்திரமா சேக்கச் சொல்லுங்க. வழியிலயே தின்னுடப் போறாரு.”

பாதித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு நான் மூட்டைமேல் உட்கார்ந்து டின்னைத் திறந்து, பயத்தில் அத்தனை உருண்டையையும் தின்று தீர்த்தேன். மேஸ்திரிக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பஸ் வரும்போதெல்லாம் பனமலையிலிருந்து யாரோ கல்யாணப் பேச்சை முறிக்க வருகிறார்கள் என்றே தோன்றும். யாரும் வரவில்லை. பெர்மிட்தான் வந்தது. கப்பல் ஏறினேன். கடலில் வாந்தி எடுத்ததைத் தவிரச் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

ரங்கூனில் முதல் வேலையாகக் குழவியைக் கொண்டுபோய் உரியவரிடம் கொடுத்தேன். அந்த அக்காள் மகள் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். இது எங்கள் சித்தி வீட்டுக் குழவியே இல்லையே, அவள் பக்கத்து வீட்டுக்காரியுடையதாயிற்றே, இதை ஏன் சுமந்துகொண்டு வந்தீர்கள் என்று கேட்டாள். அதனால்தான் முதலிலேயே சொன்னேன்.

பாஷை தெரியாத ஊரில் எப்படிச் சமாளிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் கிளம்பும் முன் பர்மிய பாஷையில் ஒரு வார்த்தைகூடக் கற்கவில்லை. ஆலையில் மிஷினை ஓட்டிக் காட்டிய அன்று பர்மாக்காரர் ஒருவர் கைலி நுனி பெல்ட்டில் படும்படி நின்றார். என் வாயில் என்ன வரும்? “மாமா! துண்டு!” என்றுதான் வந்தது. அவர் மாமாவும் இல்லை, அவரிடம் துண்டும் இல்லை. ஆனாலும் பின்னால் குதித்துவிட்டார். நான் வேலை முடித்துத் திரும்பும்போது அந்த ஆலையில் ஆபத்து என்றால் பர்மியர்களே அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் கத்துகிறார்களோ என்னவோ. போகிற ஊர் பாஷையைக் கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் ஒருவன் கழுத்துக்கு ஆபத்து என்றால் உங்கள் பாஷையிலேயே கத்துங்கள். யாருக்குத் தெரிந்துவிடுமோ என்று பார்க்காதீர்கள்.

வேலை நல்லபடியாக முடிந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் மறுபடி மேளம், மறுபடி மூக்கு வரைக்கும் மாலை. அம்மா என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். குழவி போய்ச் சேர்ந்ததா என்று எதிர்வீட்டு அம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் மாமா நின்றுகொண்டிருந்தார். தோளில் ஒரு துண்டு. ஓரம் கிழிந்து, மடித்துத் தைத்து, பாதி அளவில் இருந்தது.

கூட்டம் அவருக்கு வழிவிட்டது. மாப்பிள்ளையை ஏதாவது கேளுங்கள் என்று யாரோ அவரை முன்னால் தள்ளினார்கள். மாமா என்னை நன்றாகப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கி அலை அலையாக ஓட்டிக் காட்டினார். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார்.

சந்தோஷத்தில் மாமாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பேச்சு வரவில்லை என்று கூட்டத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். நானும் ஒன்றும் பேசாமல் மாலையை ஒதுக்கி வயிற்றைத் தடவிக் காட்டினேன்.